'அது நம்ம ஏரியா இல்லையே சார்'

அக்கா,

நம் துறை இரண்டு கூட்டங்கள் நடத்தி, தேநீருக்குப் பின்னும் விவாதித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது: ஆய்வுப் படிவங்களை இனி கறுப்பு மையால்தான் நிரப்ப வேண்டும். எல்லோரும் தீர்மானத்தில் கையெழுத்திட்டோம், நீல மையால். மிச்சமான நீலப் பேனாக்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டார்கள். ஒன்றின் மூடி கடிபட்டிருந்தது. நம் துறையில் பேனா கடிப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

தாய்சேய் நலத் திட்டங்கள் வீடுவரை போய்ச் சேர்கின்றனவா என்று மதிப்பிட மாணவர்களைப் பழக்குவது நம் இருவர் வேலை. முதல் வருடம் குன்னம் பக்கம் போனோம். சின்ன வெங்காயம் பிடுங்கும் சமயம், பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் படிவம் ஒன்றுகூடக் காலியாக இல்லை. நீங்கள் மூடியைக் கடித்தபடி புரட்டினீர்கள்.

"இந்த வூடு பூட்டியிருந்துச்சே. பூட்டுகிட்டயா கேட்டீங்க?"

"பக்கத்து வூட்டுல கேட்டோம் மேடம்."

"மாசமா இருக்கறது பக்கத்து வூட்டுக்காரங்களா?"

சாயங்காலம் எல்லோரும் மறுபடி நடந்தோம். நான் முணுமுணுத்தது உங்களுக்குக் கேட்டிருக்கும்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டாகப் போகிறது. இம்முறை மாணவர்களைக் குன்னத்துக்கு நான் தனியாக அழைத்துப் போனேன். அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். அழகான அறிக்கை. கணக்கில் சேர்ந்த கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை நடந்திருந்தது. வியாழனன்று கையெழுத்துப் போடப் போகும்போது, கணக்கில் சேர்க்காமல் தள்ளிவைத்த படிவம் ஒன்று கண்ணில் பட்டது. எட்டாம் மாதம். 'ஊரில் இல்லை.' அதை நிரப்பிய மாணவனைக் கூப்பிட்டேன்.

"எங்கப்பா போயிருக்கு இந்தப் பொண்ணு?"

"தலைப்பிரசவம் சார். செந்துறைப் பக்கம், அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க."

"அங்க யாரு பாக்குறாங்க?"

"அது நம்ம ஏரியா இல்லையே சார்."

விதிப்படி அவன் சொன்னது சரி. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. குன்னத்தில் 'போய்விட்டாள்' என்று விடுவார்கள். செந்துறையில் 'நம் பட்டியலில் இல்லை' என்று விடுவார்கள். இரண்டு பதிவேடுகளும் சுத்தமாக இருக்கும். கணவன் எண்ணுக்கு நான்கு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த மாணவனோடு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் அவசரம் போலிருந்தது.

"ஒண்ணும் இருக்காதுப்பா."

"அஞ்சாவது தடவ சொல்றீங்க சார்."

அந்தப் பெண் வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். முகமும் கையும் வீங்கியிருந்தன. "புள்ளத்தாச்சின்னா அப்படித்தானுங்க இருக்கும்" என்றார் அவள் அம்மா.

"தலை வலிக்குதாம்மா?"

"மூணு நாளா வலிக்குது சார். கண்ணும் மங்கலாத் தெரியுது."

நான் திரும்புவதற்குள் மாணவன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டான். ரத்த அழுத்தம் எகிறியிருந்ததால் அரியலூரில் அன்றே குறைமாதப் பிரசவம். இரண்டு உயிரும் பிழைத்தன. அதுவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்: இந்தப் பயத்தை ஏன் எனக்கு விட்டுவிட்டுப் போனீர்கள் என்று. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பட்டியல் முழுமையாக இருந்தால் உடனே வந்துவிடுகிறது.

தள்ளிவைத்த மற்றப் படிவங்களின் வீடுகளையும் தேடிப் போனோம். அறிக்கை செவ்வாய்க்கிழமைதான் போனது. அடுத்த ஆண்டுக் களப்பயிற்சிக்கு வேறொருவரை நியமித்திருக்கிறார்கள்.