கடைசிப் பத்து நிமிடம்

ஜூலை 8
அரசமைப்புச் சட்டம் என்று ஆரம்பித்தாலே ஒன்பதாம் வகுப்புக்குக் கொட்டாவி வருகிறது. அதனால் இன்று வகுப்புக்கென்று அவர்களையே ஒரு சாசனம் எழுதச் சொன்னேன். முதல் விதி: "யாரும் எப்போதும் கேள்வி கேட்கலாம்." திருத்தம் கொண்டுவர மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டுமாம். அட்டையில் எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஜூலை 11
மறுபடி பஸ்ஸை விட்டேன். காரணம், கடைசிமணி. வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. மனத்துக்குள் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பாடம் முழுக்க வாயே திறக்க மாட்டாள். பள்ளி விடும் மணி அடிக்கப் போகும்போது எழுவாள். "டீச்சர், ஒரு சந்தேகம்." இன்றைய சந்தேகம்: "சட்டம் எழுதினவங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க. அவங்க பேச்ச நாம ஏன் கேக்கணும்?"

நல்ல கேள்வி. அதுதான் தொல்லையே, ஒரு வரியில் முடியாது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் தேவுடு காத்தேன்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டே, "நீ பாடம் நடத்துறியா, பார்லிமென்ட் நடத்துறியா?" என்றார். சமைத்து வைத்திருந்ததால் சண்டை போடவில்லை.

ஜூலை 15
பந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தான். அவன் கால்பந்து அணியின் தலைவன், பட்டப்பெயரும் அதனால்தான். எங்கள் வகுப்பு விடத் தாமதமானால் மைதானத்தைப் பத்தாம் வகுப்பு பிடித்துக்கொள்கிறது. "கடைசிப் பத்து நிமிடத்தில் வகுப்பில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. யாராக இருந்தாலும்."

யாரை மனதில் வைத்து எழுதியது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வாக்கெடுப்புக்கு விட்டேன். எல்லாக் கைகளும் மேலே போயின. அவள் கை மட்டும் மேசைமேல் இருந்தது.

"முறைப்படி நிறைவேறியது" என்று அறிவித்தேன். முறைப்படிதானே? பஸ் கிடைத்தது. ஜன்னல் ஓரம்.

ஜூலை 16
கடைசிப் பத்து நிமிடம். அவள் எழுந்தாள். வாயைத் திறக்கவில்லை. சும்மா நின்றாள், மணி அடிக்கும்வரை. பந்து அட்டையருகே போய்ப் படித்துப் பார்த்தான். நிற்கக் கூடாது என்று அதில் இல்லை.

ஜூலை 17
இன்றும் நின்றாள். "என்னடி வேணும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "அதுவும் கேள்விதான்" என்றது பின்வரிசை. "நீ எதுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன். வகுப்பே என்னைப் பார்த்தது. யாராக இருந்தாலும்! மென்று விழுங்கினேன்.

வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். "அது பாடம் முடியுறப்போ வர்ற கேள்வி டீச்சர். அங்கதான் கேக்கணும்" என்று போய்விட்டாள்.

ஜூலை 19
பஸ் தினமும் கிடைக்கிறது. என்ன பிரயோஜனம்? ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் என்ன கேட்க வந்தாள் என்றே யோசிக்கிறேன். இந்தப் பொண்ணு ஏன் இப்படிப் பண்றா — சரி, நான் ஏன் அப்படிப் பண்ணேன்?

ஜூலை 22
பாடம்: அடிப்படை உரிமைகள். "நிறையப் பேருக்குப் பிடிக்கலைங்கறதுக்காக ஒருத்தரோட உரிமைய எடுத்துட முடியாது. அது ஓட்டுப் போட்டு எடுக்கற சாமான் இல்ல" என்று கைவீசி நடத்தினேன். முடித்ததும் அவள் எழுந்து நின்றாள்.

நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஜூலை 24
பந்தே எழுந்தான். "டீச்சர், திருத்தத்த ரத்து பண்ணணும். இவ என்ன கேக்க வந்தான்னு மண்டை காயுது. நேத்து பெனால்டிய வெளிய அடிச்சிட்டேன்."

மறுபடி எல்லாக் கைகளும் மேலே. மறுபடி அவள் கை மேசைமேல்.

"உனக்காகத்தானே இது? நீ ஏன் கை தூக்கல?" என்றேன்.

"ஓட்டுப் போட்டு எடுக்க முடியாதுன்னா, ஓட்டுப் போட்டுக் கொடுக்கவும் முடியாதுல்ல டீச்சர்." சொல்லிவிட்டு, வழக்கம்போல எழுந்தாள். "ஒரு சந்தேகம். அன்னைக்கு நீங்க ஏன் அத ஓட்டுக்கு விட்டீங்க?"

மணி அடித்தது. யாரும் பையைத் தொடவில்லை. பந்துகூட.

முறை என்று சொல்லியிருக்கலாம். ஜனநாயகம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "எனக்கு பஸ்ஸப் பிடிக்கணும்னு இருந்துச்சு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "சரி டீச்சர்" என்று உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்ன பிறகு மனசு லேசானதும் நிஜம்.

ஆகஸ்ட் 1
அட்டையின் அடியில் பந்து எழுதியிருக்கிறான்: "முதல் விதியில் யாரும் கை வைக்கக் கூடாது. டீச்சரும்." குண்டு குண்டான எழுத்து. கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 5
மணி அடிக்கப் போகும்போது நானே கேட்டேன், "யாருக்காவது சந்தேகம்?" என்று. கடைசிமணி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அதில் ஒருவன் பந்து.

மைதானம் பத்தாம் வகுப்புக்குப் போயிற்று. பஸ்ஸும் போயிற்று.