பிறப்பதற்கு முன்பே மூடிய முதுகு

என் செல்லத் தம்பி சீலன்,

நீ மாமாவாகிவிட்டாய். அமெரிக்காவில் உன் சின்னக்கா வதனிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறாள். வீட்டுச் செய்தி எதையும் உன்னிடம் சொல்லாமலிருக்க எனக்கு இன்னும் ஏலவில்லை.

இங்கே சண்டை நின்றிருக்கிறது, எத்தனை நாளைக்கோ தெரியாது. திருகோணமலைத் துறைமுகத்தில் நான் வேலை முடிந்து வந்த ஒரு மாலை, தொலைபேசியில் பேச வதனி எங்களைக் கொமினிகேஷன் கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். நானும் அம்மாவும் போனோம். வயிற்றுப் பிள்ளையின் முதுகெலும்பு மூடவில்லை என்று ஸ்கானில் கண்டார்களாம். உனக்கு இருந்த அதே குறை.

"என்ரை வயித்தைத் திறந்து, பிள்ளையின்ரை முதுகைத் தைச்சு மூடிப்போட்டு, திரும்ப உள்ளையே வளர விடுவினமாம் அண்ணா."

எனக்கு நம்ப முடியவில்லை. "பிள்ளைக்கு ஒண்டும் நடக்காதோ?"

"நடக்கலாம். செத்தும் போகலாம். எனக்கும் ஆபத்து இருக்கு. செய்தாலும் பிள்ளை எழும்பி நடக்கும் எண்டு உறுதி சொல்லேலாதாம்." பிறகு அழுதாள். "சீலன் மாதிரி ஒரு பிள்ளை வேண்டாமெண்டு சொல்லுறதாய்ப் போகுமோ அண்ணா?"

"அவனை நாங்கள் ஒருநாளும் வேண்டாமெண்டு நினைக்கேல்லை. அவன்ரை புண்ணும் காய்ச்சலும்தான் வேண்டாமெண்டு நினைச்சனாங்கள். உன்ரை மனம் சொன்னால் செய்."

சரியாகத்தான் சொன்னேனா, தம்பி? உன்னைத் தவிர யாரிடம் இதைக் கேட்பேன்?

அம்மா ரிசீவரை வாங்கினார். நானும் காதை ஒட்டிவைத்துக்கொண்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எங்கையாவது விழுந்தனியோ பிள்ளை?"

உனக்குத் தெரியும். சண்டைக்குப் பயந்து எங்கள் ஊர் திரியாயிலிருந்து எல்லோரும் ஓடிய அன்று நீ அம்மா வயிற்றில் ஆறு மாதம். அரிசிப் பையோடு வயல் வரம்பில் சறுக்கி விழுந்தார். நீ முதுகு திறந்தபடி பிறந்தாய். தைத்து மூடினார்கள், ஆனால் கால்களுக்கு உயிர் வரவில்லை. அந்த விழுகைதான் உன்னை இப்படி ஆக்கியது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். உன்னைக் குளிக்கவார்க்கும்போதெல்லாம் தழும்பைத் தடவி "என்னாலைதான்" என்பார். நீ கேட்டும் கேளாததுபோல் தண்ணீரை அவர் முகத்தில் அடிப்பாய். காய்ச்சல் சிறுநீரகத்தில் இறங்கி நீ போன பிறகும் அவர் அந்தச் சொல்லை விடவில்லை.

"விழேல்லை அம்மா," என்றாள் வதனி. "டொக்டரிட்டைக் கேட்டனான். முதுகு மூடுறது முதல் மாசத்திலையாம். பிள்ளை வந்திருக்கெண்டே எங்களுக்குத் தெரியாத நேரத்திலை."

அம்மா ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றினார். "அப்ப… ஆறாம் மாசத்திலை நான் விழுந்ததாலை?"

"இல்லை அம்மா. சீலனுக்கு அதுக்கு முந்தியே இருந்தது. உங்களாலை இல்லை."

ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அழவில்லை. "ஒருதரும் எனக்குச் சொல்லேல்லையே," என்றார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த உண்மையை நீ உயிரோடு இருந்தபோதே யாராவது சொல்லியிருந்தால், அந்தக் குளியல்கள் எப்படி இருந்திருக்கும்?

வதனி துணிந்துவிட்டாள். ஒப்பரேஷன் அன்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ரெண்டு பேரும் சுகம்" என்று வதனியின் கணவர் சொன்ன பிறகுதான் தேத்தண்ணி குடித்தார். அதற்குப் பிறகு வதனி வாரக்கணக்காய்ப் படுக்கையில் கிடந்தாள். பிள்ளை நாளுக்கு முந்தியே வந்துவிட்டாள். உள்ளங்கை அளவு முகமாம், ஆனால் குரல் பெரிதாம். முதுகில் ஒரு கோடு இருக்கிறது. இரண்டு காலையும் அசைக்கிறாள். வலது பாதம் பலவீனம். நடப்பாளா என்று இப்போது ஒருவராலும் சொல்ல ஏலாது.

நேற்று அம்மா அவளுக்குச் சட்டை தைக்கத் துணி வாங்கி வந்தார். தைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டு எவ்வளவு காலம்!

ஒரு வாக்குத் தருகிறேன், தம்பி. அவள் நடந்து வந்தாலும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "பாவம், ஏலாத பிள்ளை" என்று யாரையும் உன் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்க விடமாட்டேன். கரம்போர்ட் விளையாட்டில் காயை ஒளித்துவிட்டு, பிடிபட்டால் எங்களையே கள்ளர் என்று கத்திய மாமா ஒருவர் அவளுக்கு இருந்தார் என்று நான்தான் முதலில் சொல்வேன்.

உன்னிடம் தோற்றே பழகிய,
உன் அண்ணா