நாரும் இனிப்பும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உன் கரும்பு ஜெயித்துவிட்டது! ஆயர் ஈத்தாம் சந்தையில் கரும்புச் சாறு விற்கும் அஸ்ஹர், "சார், இது கரும்பா, மூங்கிலா? மெஷின் போயிடும் லா!" என்று கேலி செய்துகொண்டேதான் பிழிந்தான். குடித்ததும், "இன்னும் இருக்கா சார்?" என்றான்.

நல்ல கரும்பை நார் மிகுந்த காட்டுக் கரும்போடு கலந்தால் இனிப்பு போய்விடும் என்று உன்னிடம் எல்லோரும் சொன்னார்கள். கணக்கிலும் ஓட்டத்திலும் முதலாவதாக வரும் பிள்ளையைப் போல, உன் கரும்பு சர்க்கரைக்குச் சாறும் எரிபொருளுக்குச் சக்கையும் சேர்த்தே தருகிறது.

கல்யாணத்தை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போனாய் என்று உன்னோடு பேசாதிருந்த அம்மாவும் ஒரு குவளை குடித்தாள். மிச்சமிருந்த இரண்டு கரும்பையும் தூக்கிக்கொண்டு, சீனப் புத்தாண்டுப் பூஜைக்கு வாசலில் கரும்பு கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மெய் லிங் அக்காவிடம் போனாள். "கடைக் கரும்பை அவிழ்த்துடுங்க. இது என் மக உண்டாக்குனது!" என்று, அவசரத்தில் தமிழிலேயே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டார்.

இப்போது உன் மெத்தை வெயிலில் காய்கிறது. அம்மாதான் போட்டாள்.

பெருமையோடு,
அப்பா