மாதாவுக்குப் பக்கத்தில் ஒருத்தி

அண்ணி,

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் கேழ்வரகு முளைக்கப் போட்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேண்டுமல்லவா? ஈரச் சாக்கும் முளைப்பயிரும் கலந்த அந்தப் பச்சை வாடை, ரயில்வே ஷிஃப்ட் முடிந்து வந்து சைக்கிளைப் படியேற்றும்போது மூக்கில் அடித்தது. சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"மாமா, உங்க வீட்டுல இன்னும் குடில் கட்டலையா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"பெத்லகேமுக்கு இந்த வருஷம் லைன் கிளியர் கிடைக்கலடா" என்றேன்.

அது சிரித்துக்கொண்டு ஓடியது. அதன் அம்மா லூர்து அக்கா சிரிக்கவில்லை. "துக்க வீட்டுல ஏது குடிலு, ஏது நட்சத்திரம்? பேசாம இருங்க. பலகாரம் நாங்க கொண்டாந்து தர்றோம்" என்றார்.

ஆடியில் நீங்கள் போனதிலிருந்து நம் வீட்டுக்கு அந்தப் பெயர். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது என்பது நம் சனங்களின் வழக்கம். அந்த வழக்கத்தை எதிர்த்து நின்ற ஒரே ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள்தான். நான் உங்கள் அளவுக்கு ரோஷக்காரன் இல்லை. குடிலும் கட்டப் போவதில்லை, கோயிலுக்கும் போகப் போவதில்லை என்று இருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் பேனா பிடிப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு பொன்மலைக்கு வந்த முதல் டிசம்பரிலேயே என் குடிலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்தானே நீங்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நவராத்திரி முடிந்ததும் நான் ஸ்ரீரங்கத்துக்கு சைக்கிளை மிதிப்பேன். அங்கே கோபுரத்தை ஒட்டிய தெருவில் கொலு பொம்மை விற்கும் அம்மாள், விலை போகாத உடைசலை எல்லாம் ஒரு கூடையில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். "வாங்க உடைசல்காரரே! மூக்கு போனது, காது போனது எல்லாம் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு. உங்க சாமி எல்லாத்தையும் சேர்த்துக்குவாராமே?" என்பார். அந்தக் கூடைதான் என் பெத்லகேம். தொந்திச் செட்டியார் தராசோடு அங்கே கடை விரித்திருப்பார். போலீஸ்காரர் தொப்பிக்கு மேல் ஜிகினாக் கிரீடம் ஒட்டிக்கொண்டு, பிறந்த பாலனைப் பார்க்க வரும் மூன்று ராசாக்களில் ஒருவராகிவிடுவார். தகரத்தில் நான் வெட்டிய என்ஜின் குடில் மலையடியில் நிற்கும்.

"கொழுந்தனாரே, ராசாக்கள் ஒட்டகத்துலதானே வந்தாங்க?"

"ஒட்டகம் லேட்டாகும் அண்ணி. பாசஞ்சர்ல ஏத்திவிட்டேன்."

"டிக்கெட்டுக்கு?"

"நம்ம ரயில்வே பாஸ்தான். மூணு பேரையும் குடும்பத்துல சேர்த்துட்டேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நீங்கள் உள்ளே ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் சவரிக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்த வருஷம், அந்தக் கூடையில் ஓர் அம்மா பொம்மை கிடைத்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தவள். கை இரண்டும் வளைந்து மடிக்கு மேல் நின்றன. மடியில் இருந்த பிள்ளை மட்டும் எங்கேயோ உடைந்து போயிருந்தது. அது இருந்த இடத்தில் வர்ணம் இல்லாமல் வெள்ளையாக ஒரு காயம். ஓரத்தில் இடைச்சியாக வைத்துவிடலாம் என்று கொண்டுவந்தேன். உங்கள் மகன் விடவில்லை.

"சித்தப்பா, இந்த அம்மாவோட பாப்பா எங்க?"

"கடைக்குப் போயிருக்குடா. வந்துடும்."

மறுநாள் நான் வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "இன்னும் வரல சித்தப்பா."

"கடையில கூட்டம்டா."

தினமும் இதே பேச்சு. அடுப்படியிலிருந்து நீங்கள் குரல் கொடுப்பீர்கள்: "எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பிள்ளையைக் கடையிலயே நிக்க வைப்பீங்க? கால் வலிக்காதா அதுக்கு?"

கார்த்திகை மழையில் சவரிக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், "பாப்பா வந்துச்சா?" என்று என்னைக் கேட்டான். வந்துகொண்டே இருக்கிறது என்றேன். மழை விட்ட ஒரு காலையில் அண்ணன் அவனைப் பெட்டியோடு தன் கையாலேயே தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய அளவுக்குக்கூட அந்தப் பெட்டி இல்லை.

பிறகு டிசம்பர் வந்தது. அதற்கு என்ன தெரியும்? வரிசை வீடுகள் பூராவும் அதிரசம் வேகிற வாசனை. மூங்கில் கழிகளில் நட்சத்திரம் ஏறியது. நம் வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. லூர்து அக்கா அன்றைக்கும் நல்ல மனதோடுதான் வந்து, "இந்த வருஷம் உங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லம்மா. நாங்க கொண்டாந்து தர்றோம்" என்று உங்கள் கையைப் பிடித்தார்.

நீங்கள் கையை உருவிக்கொண்டீர்கள். "இல்லன்னு யார் முடிவு பண்ணது? அவரு பிறக்கிறதுக்கு எங்க வீட்டு நல்லது கெட்டதைக் கேட்டுக்கிட்டா பிறந்தாரு?"

அன்று சாயந்தரம் அண்ணன் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். "பைத்தியமா உனக்கு? பிள்ளையை மூடின மண்ணு காயல. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பண்டிகைன்னா யாராவது சிரிக்கணும்ல. நம்மால முடியாது, அவங்களாவது சிரிக்கட்டும்." அண்ணனிடம் அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "கொழுந்தனாரே, கூடையை எடுத்துட்டு வாங்க."

எனக்குக் கை வரவில்லை. நீங்களே சாணம் மெழுகினீர்கள், வைக்கோல் பரப்பினீர்கள். மாட்டையும் கழுதையையும் வைத்தீர்கள். செட்டியாரையும் போலீஸ்கார ராசாவையும் கூட மறக்கவில்லை. கடைசியாக அந்த அம்மா பொம்மையை எடுத்து, ஓரத்தில் அல்ல, மாதாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார வைத்தீர்கள்.

வீடு வீடாகக் குடில் பார்க்க வந்த கோயில் உபதேசியார், நம் வாசலைத் தாண்டிப் போகத்தான் பார்த்தார். உள்ளே விளக்கு எரிவதைக் கண்டு எட்டிப் பார்த்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்த அம்மா பொம்மைதான்.

"இது யாரும்மா, மாதா பக்கத்துல?"

"பெத்லகேம்காரி."

"வேதத்துல இப்படி ஒரு ஆள் இல்லையேம்மா."

"இருக்கா. பேர் போடல, அவ்வளவுதான். ஏரோது ராசா பாலனைத் தேடி ஆளை விட்டு ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் வெட்டினானே, அதுகளுக்கெல்லாம் அம்மா இல்லையா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது பின்னாடி நடந்ததும்மா. இன்னிக்கு ராத்திரி பாலன் பிறப்பு. சந்தோஷமான நாள்."

"பின்னாடி நடக்கப் போறது வானத்துச் சம்மனசுக்குத் தெரியாமலா இருந்துச்சு? சூசையப்பரைக் கனவுல எழுப்பி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடுன்னு சொல்லுச்சுல்ல. பக்கத்து வீட்டுக் கதவை ஒரு தட்டுத் தட்டிட்டுப் போனா என்ன?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். மெதுவாகத்தான் பேசினார்.

"தேவ சித்தம்மா அது. அந்த ஒரு பிள்ளையாவது தப்பிக்க வேணாமா?"

"எங்க தப்பிச்சாரு?" உங்கள் குரல் ஏறவில்லை அண்ணி. ஏறியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். "தள்ளிப் போச்சு, அவ்வளவுதானே! முப்பத்து மூணு வயசுல பொணமாக் கொண்டாந்து இந்த மாதா மடியிலயும் போட்டாங்கல்ல? அதான் ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வச்சிருக்கேன். ஒருத்திக்கு நேத்து, ஒருத்திக்கு நாளைக்கு. ஆறுதல் சொல்லிக்க ஒண்ணுமில்ல. கூட ஒரு ஆளாவது இருக்கட்டும்."

உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பங்குச் சாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர், காப்பிகூடக் குடிக்கவில்லை. அதன் பிறகு வருஷா வருஷம் நீங்கள் என்னிடம் கேட்பீர்கள்: "கொழுந்தனாரே, உபதேசியார் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரா?"

அந்த வருஷம் நம் குடிலைப் பார்க்க ஒரு குழந்தைகூட வரவில்லை. தாய்மார்கள் அனுப்பவில்லை. செட்டியார் ஆள் இல்லாத ஊரில் கடை போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணன் மட்டும் ஒருமுறை வந்து விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலைப் பூசைக்கு நீங்களும் நானும்தான் நடந்தோம். எதிரில் வந்தவர்களுக்கு நம்மை வாழ்த்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பலர் பாதையின் அந்தப் பக்கம் போனார்கள். புதுத் துணிகளுக்கு நடுவே பழைய புடவையோடு நீங்கள் தலை குனியாமல் நடந்தீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவ்வளவு கோபத்தை வச்சுக்கிட்டு எதுக்கு அண்ணி கோயிலுக்கு?"

"வேற எங்க போறது? சண்டை போடணும்னா எதிராளி வீட்டுக்குத்தானே போகணும். நம்ம வீட்டுல உட்கார்ந்து கத்துனா உங்க அண்ணனுக்குத்தான் காது வலிக்கும்."

சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சவரி போன பிறகு நம் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் சிரிப்பு. அது இனிப்பாக இல்லை, அண்ணி. ஆனாலும் சிரிப்புதான்.

பிறகு உங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த அம்மா பொம்மை ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகிக் கரைந்து போனது. "விடுங்க, அவ இடத்துல நான் உட்கார்ந்துக்கிறேன்" என்று குடிலுக்குப் பக்கத்தில் நீங்களே மணை போட்டு உட்கார ஆரம்பித்தீர்கள். அரிசி கிடைக்காமல் ரேஷன் கோதுமையைக் கஞ்சி காய்ச்சிக் குடித்த சமீபத்துக் கிறிஸ்துமஸ்களிலும் அந்த இடத்தை விடவில்லை. ஊர்ப் பிள்ளைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். பாலனைப் பார்த்துவிட்டு உங்கள் மடியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

இந்த ஆடியில் உங்களைக் கட்டிலோடு முடக்கிய நோய், பேச்சை மட்டும் கடைசி வரை தொடவில்லை. ஒருநாள் கண்ணைத் திறந்து, "கொழுந்தனாரே, ஒரு தமாஷ் சொல்லுங்க" என்றீர்கள்.

"வரல அண்ணி."

"உங்களுக்கே வரலையா? அப்ப நான் நிஜமாவே போகத்தான் போறேன் போல."

அப்போதும் தமாஷை நீங்கள்தான் சொன்னீர்கள், நான் அழுதேன்.

அண்ணனிடம் நேற்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன், கோயிலுக்கு வருகிறீர்களா என்று. "போறதுன்னா நீ போடா. என்னைக் கூப்பிடாத" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. நானும் அதே முடிவோடுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இத்தனையும் எழுதிய பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக ஊரையெல்லாம் கேலி செய்த எனக்கு, உங்களிடமிருந்து மிச்சமாகக் கிடைத்தது இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் வீட்டில் பூட்டி வைத்தால் புளித்துத்தான் போகும்.

ஆகையால் போகிறேன் அண்ணி. பாட்டுப் பாடமாட்டேன். பிரசங்கத்தில் சமாதானம், சமாதானம் என்று சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பூசை முடிந்து பாலனின் பாதத்தை முத்தமிட எல்லோரும் வரிசையில் போவார்களே, அதில் நானும் நிற்பேன். என் முறை வரும்போது குனிந்து, மற்றவர் காதில் விழாமல் கேட்பேன்: "எங்க வச்சிருக்கீங்க அண்ணியையும் சவரியையும்?"

பதில் வராது. முத்தம் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த வருஷமும் போய்க் கேட்பேன்.