சந்தனம் பட்ட கண்ணாடி

செப்டம்பர் 8, 2025

இன்றும் அதே சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, முதலாளி மோகன்குமார் குரலை உயர்த்துவதே இல்லை. "ஏனுங்க நந்திதா, பட்டன் வெச்சா பழைய டிவி ரிமோட்டாட்ட இருக்குமுங்க. முச்சூடும் கண்ணாடியாவே இருக்கட்டும்."

கிணற்று மோட்டார், தறி மோட்டார் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே ஓட்டி நிறுத்தும் கையடக்க ரிமோட். வடிவமைத்தவள் நான். நிறுத்துவதற்கு மட்டும் ஒரு சிவப்புப் பட்டன் கேட்டேன். ஒன்றே ஒன்று. ஒரு மாதமாக மரியாதையாக "வேண்டாமுங்க" என்கிறார்.

செப்டம்பர் 12

பத்து வருடம் கழித்துக் கையில் என்ன இருக்கும் என்று கண்காட்சிக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார். கோபத்தோடுதான் உட்கார்ந்தேன், எழுத எழுதப் பிடித்துவிட்டது. துண்டு மாதிரி சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளும் திரை வரலாம். சட்டைக் கையே திரையாகலாம். என் ஆசை வேறு: விரல் போகும் இடத்தில் மேடாக எழும்பும் கண்ணாடி. பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கலாம். ஈரக்கை, எண்ணெய்க்கை எதுவானாலும் அதற்குப் புரியும். வரும், நிச்சயம் வரும். அதுவரை பட்டன் வேண்டும் - இதைக் கடைசி வரியாக எழுதினேன்.

செப்டம்பர் 15

கடைசி வரியை அடித்துவிட்டார். எழும்பும் கண்ணாடியையும். "வழவழன்னு இருக்கறதுதானுங்க விக்கும்."

செப்டம்பர் 22

பட்டறை ஃபிட்டர் மாசாணம் அண்ணனை ஈரக்கையோடு ரிமோட்டைத் தொடச் சொல்லிக் காட்டினேன். நிறுத்தச் சொன்னால் மோட்டார் அது பாட்டுக்கு ஓடியது. மோகன்குமார் ஒரு துண்டை நீட்டினார். "கையைத் தொடைச்சுப்போட்டு அமுக்கோணுமுங்க."

மழையில், தோட்டத்தில், யார் துண்டு நீட்டுவார்கள்? கேட்காமல் வந்துவிட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

எழுதியே ஆகணும்.

எல்லா மெஷினையும் நிறுத்தி, மெயினை இறக்கிவிட்டுத்தான் துடியலூர் பட்டறையில் பூஜை போடுவோம். இந்த வருடம் மட்டும், "தீபாராதனை முடிஞ்சதும் புது ரிமோட்லதான் மோட்டாரை ஓட்டோணும், லைன் இருக்கட்டுமுங்க" என்றார் மோகன்குமார். மாசாணம் அண்ணன் அப்போது பூ வாங்கப் போயிருந்தார். மெயினை இறக்கவில்லை என்று திரும்பி வந்தவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், டிரில், லேப்டாப், பக்கத்தில் ரிமோட். "நீங்க பண்ணுன பொருளு, நீங்களே பொட்டு வைங்க" என்றார் முதலாளி.

வைத்தேன். சந்தனத்தை நன்றாகக் குழைத்து, கண்ணாடி நடுவில், நானே. ஈரம் பட்டால் கண்ணாடி குழம்பும் என்று இத்தனை நாள் கத்தியவள்! பூஜை என்றால் கை தானாகப் போகிறது. மூளை எங்கே போச்சு எனக்கு?

அந்த ஈரத்தை விரல் என்று நினைத்து ரிமோட் மோட்டாரை ஓட்டிவிட்டது. அண்ணன் மோட்டாரின் புல்லிச் சக்கரத்தில் சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தார். நிறுத்துற இடத்தில் அமுக்கறேன், அமுக்கறேன் - சந்தனம்தான் வழுக்குது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அதற்குள் பெல்ட் அவர் கையை இழுத்திருந்தது.

அக்டோபர் 2

வலது ஆட்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மோகன்குமார் சொல்கிறார்: "மெயினைப் பாத்துட்டுக் கையை வெச்சிருக்கலாமுங்க அவரு."

கத்திவிட்டேன். "லைனை உடச் சொன்னது நீங்க. பட்டன் வேண்டாம்னது நீங்க. பொட்டு வெச்சது நானு. அவரு என்னங்க பண்ணுனாரு?"

அவ்வளவு ஆத்திரத்திலும் 'ங்க' போட்டிருக்கிறேன். அதை நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 13

பட்டன் இல்லாமல் என் வரைபடம் வெளியே போகாது என்றேன். ஒத்துக்கொண்டார். மீட்டிங்கில் தன்னுடைய யோசனை மாதிரியே பேசினார். பேசித் தொலையட்டும்.

நவம்பர் 10

மாசாணம் அண்ணன் வேலைக்கு வந்தார். புது ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். பார்க்காமலே இடது கட்டைவிரலால் சிவப்புப் பட்டனை அமுக்கினார். மோட்டார் நின்றது. "இது நல்லாருக்குதுங்க அம்மணி."

பிறகு தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்தார். "இதையுங் கொஞ்சம் பாருங்க. அந்த வெரலை வெச்சுத்தான் தொறப்பேன். இப்ப என்னையத் தெரியாதுங்குது. ஒவ்வொருக்காவும் நம்பரைப் போட வேண்டியிருக்குதுங்க."

நடுவிரலைப் பதியவைத்தேன். வைத்து வைத்து எடுக்கச் சொன்னது போன். ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் நீட்டியது பழைய ஆட்காட்டி விரலைத்தான்.