ஒல்லாந்துப் பாலத்தில் ஒட்டிய கல்யாணம்

என்னங்க, என் குறும்புக்கார ராசாவே,

கிடைத்துவிட்டது! நம் கல்யாண ஆல்பம் கிடைத்துவிட்டது! அதை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

கண்டி ஸ்டூடியோக்காரர் ஒல்லாந்து தேசத்து நகரங்களின் படம் அச்சடித்த ஆல்பங்களை மலிவாக, மொத்தமாக வாங்கி, அந்தப் படங்களின் மேலேயே கல்யாணப் படங்களை ஒட்டிக் கொடுப்பாரே. நமக்குத் தந்த பொட்டலத்தைப் பிரித்தால் கால்வாய், பாலம், உயரமான ஜன்னல்கள். நம்மைத்தான் காணோம். திரும்பக் கேட்கப் போனால் கடையையே பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தார். நான் ஒப்பாரி வைத்தேன்.

நீங்களோ? நம் ஹேவாஹெட்ட வீட்டுக்கு யார் வந்து "கல்யாண ஆல்பம் காட்டுங்க" என்றாலும், தேத்தண்ணியோடு அதையே நீட்டுவீர்கள். "இந்தப் பாலத்துலதான் இவ என்கூட மொத மொதல்ல சண்ட புடிச்சா!" கண்டியைத் தாண்டாத மனுஷனுக்குப் பேச்சைப் பார்!

நம் மகள் மலர் தவழும்போதே கண்ணை மூடிவிட்டீர்கள். அவளுக்கு மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த உங்கள் முகம் மட்டும்தான். வாயை இறுக்கி மூடி, பல்வலிக்காரன் மாதிரி. "அப்பா எப்பவும் இப்படி உம்முனுதான் இருப்பாராம்மா?" என்பாள். நான் என்ன சொன்னாலும் நம்புவாளா?

போன ஞாயிறு, அவளோடு வேலை செய்யும் திகன ஊர் நஸீரா வந்தாள். பழக்கதோஷம், ஆல்பத்தை நீட்டினேன். பிள்ளை துள்ளி எழுந்தாள்.

"மாமி! எங்கட வாப்பாட அலுமாரிலயும் இதே ஆல்பம் ஒன்டு ஈக்கி! ஆனா அதுக்குள்ள யார்டயோ கல்யாணம் ஈக்கி!"

அவள் வாப்பா அதே ஸ்டூடியோவில் வெறும் ஒல்லாந்து ஆல்பம் ஒன்று வாங்கியிருக்கிறார். அட்டை ஒரே மாதிரி, பொட்டலம் மாறிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று தூக்கிப்போட மனமில்லாமல் பத்திரமாக வைத்திருந்தார். நல்லா இருக்கணும் அந்த மனுஷன்! சேலைகூட மாற்றாமல் திகனவுக்குப் பஸ் ஏறினோம்.

அட, நாம்! என் காதோரம் ஒரு காற்றாலை இறக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கையில் தாலியை வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறீர்கள். அப்படி என்னதான் சிரிப்பு?

மலர் குனிந்து பார்த்தாள். எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறவள், கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா, இது என் தெத்துப்பல்லும்மா!"

அவள் கல்யாணத்தில் அந்தப் பல் தெரியச் சிரிக்கிற படம் எடுக்காமல் விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்,
காமாட்சி