இனிஷியலாகிப் போனவனுக்கு

டேய், இன்றைக்கு போஸ்ட் ஆபீஸ் கதவைத் திறந்ததுமே டர்பன்டைன் நெடி மூக்கில் ஏறியது. சுவர் ஓவியத்தைச் சுத்தம் செய்கிறார்கள். சாரத்தின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து, பஞ்சால் பழைய அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ இருந்திருந்தால் வேலைக்கு மட்டம் போட்டு அங்கேயே நின்றிருப்பாய்.

இந்த அமெரிக்க ஜனங்கள் வேலையில்லாமல் தவித்த காலத்தில், அரசாங்கம் கூலி கொடுத்து வரையச் சொன்ன படம் அது. அதில், படியில் நிற்கும் போஸ்ட்மாஸ்டர் கடிதக் கட்டோடு பேர் கூப்பிடுகிறார். உருளைக்கிழங்குத் தோட்டத்து ஜனம் அண்ணாந்து காத்திருக்கிறது. "பேரைக் கூப்பிட மாட்டாங்களான்னு எப்படி நிக்குதுங்க பாருடா" என்பாய்.

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், வீடு மாறி மாறி அலுத்து, நாம் இருவரும் அங்கே ஒரு தபால் பெட்டி எடுத்திருந்தோம். பார்சல் வந்தால் கவுண்டர்க்காரி "மிஸ்டர் மேனிக்கம்!" என்று கூவுவாள். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். மாணிக்கம் உன் அப்பா அல்லவா. பாஸ்போர்ட்டில் கடைசிப் பேர் என்ற கட்டத்தில், நம் ஆட்கள் எல்லோரையும் போல நீயும் அப்பா பேரைத்தான் எழுதியிருந்தாய். "ஊர்ல அப்பா இனிஷியல், இங்க புள்ள இனிஷியல்" என்று சிரிப்பாய். இந்த ஊரில் உன்னை உன் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் நான் ஒருத்தன்தான்.

உன் அப்பா ஊரில் தவறியபோது நீ கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தாய். இப்போது வெளியே போனால் ஃபைல் போச்சு என்று லாயர் கையை விரித்துவிட்டார். தலைப்பிள்ளை நீ இங்கே இருக்க, சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பாத்ரூமில் உட்காரவைத்து நான்தான் உனக்கு மொட்டை அடித்தேன். காதுக்குப் பின்னால் பிளேடு கீறி ரத்தம் வந்தது. நீ அசையவில்லை.

அந்த வாரம் கவுண்டர்க்காரி, பாவம், தெரியாமல், "மிஸ்டர் மேனிக்கம்! நியூ ஹேர்கட்?" என்றாள். நீ "யெஸ்" என்றாய். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"செத்துட்டாருடா. அவர் பேருக்கு நான் யெஸ் சொல்லிட்டிருக்கேன்."

"பேரை மாத்திடேன்."

"மாத்தினா எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து. இதுக்காகத்தானடா போகாம கெடந்தேன்?"



கார்டு வரவேயில்லை. அடுத்த பனிக்காலத்தில் சாலையில் சறுக்கி வந்த டிரக், உன் காரை நசுக்கிவிட்டது.

உன் சவப்பெட்டியோடு ஊருக்கு நான்தான் போனேன். சென்னை விமான நிலையச் சரக்குப் பகுதியில் அதை இறக்கினார்கள். ஒட்டியிருந்த சீட்டில் மாணிக்கம் என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. அதன் பின்னால் ஒற்றை எழுத்தாக நீ. புருஷன் பேரை ஒரு நாளும் வாயால் சொல்லாத உன் அம்மா, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"இது அவங்க பேராச்சே. அவங்களத்தான் அன்னைக்கே எரிச்சாச்சே. எம்பையன் எங்க கண்ணு?"

பேனாவை எடுத்து, பெட்டியின் மேலேயே உன் பேரைத் தமிழில் எழுதினேன். அம்மா அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

இன்றைக்கு கவுண்டர்க்காரி சாரத்தைக் காட்டி, மிஸ்டர் மேனிக்கம் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றாள். வழக்கமாகத் தலையாட்டிவிட்டு வருகிறவன், இன்றைக்கு எரிச்சலோடு, "அது அவன் அப்பா" என்றேன். உன் பேரைச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். நடுவில் இருக்கும் ழகரம் அவள் வாயில் படாத பாடு பட்டது. வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். நான் நகரவில்லை.

கடைசியில் உன் பேர் ஏறக்குறையச் சரியாக, சத்தமாக வந்தது. அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக உன்னைக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல நீ இல்லை. நான்தான் "யெஸ்" என்றேன்.